நூலகங்களும் ஆவணக்காப்பகங்களும் சேர்ந்து சேகரிப்பைப் பேணுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன்னிடம் இருக்கும் எல்லாவற்றையும் தனியாகவே காப்பாற்றிவிட முடியும் என்று இன்று எந்த நூலகமும் எந்த ஆவணக்காப்பகமும் சொல்ல முடியாது. அதனால் 'சேர்ந்து செய்யலாமே' என்ற பேச்சு எழுகிறது. பல இடங்களில் அது பேச்சாகவே நின்றும் போகிறது. பேச்சு திட்டமாக மாறுவதற்குள் வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நூலகர்கள், காப்பாளர்கள், பணம் ஒதுக்கும் நிர்வாகிகள், பழைய நூல்கள்மீது அக்கறை உள்ள வாசகர்கள் எல்லோரையும் மனதில் வைத்து எழுதியது இது.

கூட்டுத் திட்டம் என்றால் என்ன? நூல்களை இரவல் கொடுத்து வாங்குவதும் அதுதானே?

இல்லை. இரவல் ஏற்பாட்டில் ஒரு நூலகம் கேட்கும், இன்னொன்று இருந்தால் கொடுக்கும், இல்லையென்றால் கைவிரிக்கும். அந்த நூல் அடுத்த ஆண்டும் அங்கே இருக்குமா என்று யாரும் உறுதி தருவதில்லை. கூட்டுத் திட்டத்தில் அந்த உறுதிதான் முக்கியம். எந்த நிறுவனம் எதை வைத்திருக்கும், எவ்வளவு காலம், எந்த நிலையில், கெட்டுப்போனால் யார் சரிசெய்வார், ஆபத்து வந்தால் யார் யாருக்குப் போன் செய்வார் என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசி, எழுதி, கையெழுத்துப் போட்டு வைப்பது.

'எழுதி வைப்பது' என்பதை இந்தப் பக்கத்தில் பலமுறை சொல்வேன், அதற்குக் காரணம் உண்டு. நான்கு நூலகங்களில் ஒரே இதழின் பழைய தொகுதிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்கிலும் இடநெருக்கடி. மற்ற மூன்று இடங்களில் இருக்கிறதே என்ற நினைப்பில் ஒவ்வொன்றும் தன் தொகுதிகளைக் கழித்துவிடுகிறது. யாரும் அலட்சியமாக நடக்கவில்லை, ஆனாலும் இதழ் போய்விட்டது. 'வேறு எங்காவது இருக்கும்' என்ற நம்பிக்கை கரையானைவிட அதிகமாக அழித்திருக்கும் என்பது என் எண்ணம்.

அவரவர் சேகரிப்பை அவரவர் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் போதாதா?

போதாது. முதல் காரணம் தாளிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மை ஊறிப் பரவாமல் இருப்பதற்காகத் தாளில் படிகாரமும் பைன் மரப் பிசினும் சேர்க்கும் முறை வந்தது. 1844இல் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இந்த இரண்டும் சேர்ந்து மலிவான தாளைக் கொடுத்தன. அதே தாளுக்குள் அமிலமும் தங்கியது. அந்த அமிலம் தாளுக்கு வலுத் தரும் செல்லுலோஸ் இழைகளை ஓயாமல் துண்டிக்கிறது. தாள் முதலில் பழுப்பாகிறது, பிறகு மடித்தால் ஒடிகிறது, கடைசியில் கை பட்டாலே பொடிகிறது. 1950களில் அமெரிக்காவில் வில்லியம் பாரோ நடத்திய சோதனைகள் இந்த ஆபத்தின் அளவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. நீடித்து நிற்கும் தாளுக்கான ஐ.எஸ்.ஓ 9706 என்ற பன்னாட்டுத் தரநிலை 1994இல்தான் வெளிவந்தது.

ஆக, ஏறத்தாழ 1850 முதல் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அச்சான நூல்களில் பெரும்பகுதி எல்லா ஊரிலும் ஒரே சமயத்தில் நொறுங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு நூலின் எல்லாப் பிரதிகளும் பெரும்பாலும் ஒரே வகைத் தாளில் அச்சானவை என்பதால் ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் உண்டு. தனித்தனியாகப் போராடினால் ஒரே நூலை ஐந்து நூலகங்கள் பணம் செலவழித்து மைக்ரோஃபிலிம் (பக்கங்களைச் சிறிதாக்கிப் பதியும் படச்சுருள்) எடுக்கும், பக்கத்து அலமாரியில் இருக்கும் அரிய நூலை ஒருவரும் தொடமாட்டார்கள். இந்த வீண் செலவைத் தவிர்க்கத்தான் ஐரோப்பிய நூலகங்கள் 1990களில் எந்த நூலுக்கு எங்கே மூலப் படச்சுருள் இருக்கிறது என்று பார்க்க ஒரு பொதுப் பதிவேட்டைத் தொடங்கின. அமெரிக்காவில் 1982 முதல் 2011 வரை நடந்த செய்தித்தாள் திட்டத்தில் எல்லா மாநிலங்களும் தம் பழைய நாளிதழ்களைத் தேடிப் பட்டியலிட்டு, வேலையைப் பிரித்துக்கொண்டு, 7 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்களைப் படமெடுத்தன. தனி நூலகம் எதுவாலும் நினைத்தும் பார்க்க முடியாத அளவு அது.

இரண்டாவது காரணம், திறமையும் கருவியும் எல்லா இடத்திலும் இருக்காது. கிழிந்த வரைபடத்தைச் சரிசெய்யத் தெரிந்தவரை ஒரு சிறிய நூலகம் மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது, பத்து நூலகங்கள் சேர்ந்தால் முடியும். 1973இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மாநிலங்கள் தங்களுக்குப் பொதுவாக ஒரு ஆவணச் சீரமைப்பு மையத்தை ஏற்படுத்தியது இப்படித்தான், அது இன்றும் இயங்குகிறது. ஸ்விட்சர்லாந்தில் தேசிய நூலகத்துக்கும் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்துக்கும் பொதுவாக விம்மிஸ் என்ற இடத்தில் மொத்தமாகத் தாளின் அமிலத்தை நீக்கும் ஆலை 2000இல் தொடங்கியது. அமில நீக்கம் பற்றி ஒன்றை மறக்கக் கூடாது: அது மேற்கொண்டு கெடுவதை மெதுவாக்கும், ஏற்கெனவே நொறுங்கிய தாளுக்கு வலுவைத் திருப்பித் தராது. ஆகவே காலம் கடந்தபின் அனுப்பினால் பணம் வீண்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

என்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதிலிருந்து. பலர் இங்கேதான் மலைத்துப்போகிறார்கள். 2 லட்சம் நூல்கள் இருந்தாலும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. பிரிட்டனில் உருவான நிலை மதிப்பீட்டு முறையில் எந்தச் சார்பும் இல்லாமல் தேர்ந்தெடுத்த 400 நூல்களையோ கட்டுகளையோ மட்டும் பார்த்தார்கள். புள்ளியியல்படி 400 மாதிரிகள் சேகரிப்பின் மொத்த நிலையை 5 விழுக்காடு முன்பின்னாகக் காட்டிவிடும். சேகரிப்பு 50,000 ஆனாலும் 5 லட்சம் ஆனாலும் இது பெரிதாக மாறாது. இரண்டு பேர் சில வாரங்களில் முடித்துவிடலாம்.

முக்கியமானது, கூட்டில் உள்ள எல்லா நிறுவனங்களும் ஒரே படிவத்தைப் பயன்படுத்த வேண்டும். ஒருவர் 'சுமார்' என்று எழுதுவதும் இன்னொருவர் 'மோசம்' என்று எழுதுவதும் ஒரே நிலையைக் குறித்தால் ஒப்பிடவே முடியாது. தாளின் ஓரத்தை மடித்து ஒடிகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை முடிந்தவரை தவிருங்கள். அது நூலையே கொஞ்சம் சேதப்படுத்துகிறது. நிறம், ஓரக் கிழிசல், தையல், பூச்சி அரித்த தடம், பூஞ்சைக் கறை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துக் குறித்தாலே பெரும்பாலும் போதும்.

எங்கள் நூற்பட்டியலில்தான் எல்லாம் இருக்கிறதே. அதை வைத்தே யாரிடம் என்ன என்று தெரிந்துகொள்ளலாம் அல்லவா?

பட்டியல் தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் பட்டியலில் இருப்பது அலமாரியில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நூலகங்கள் சேர்ந்து நூல்களை வைத்துக்கொள்ளும் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தியபோது, மாதிரி எடுத்து அலமாரியில் நேரே போய்ச் சரிபார்த்தார்கள். சுமார் 97 விழுக்காடு நூல்கள் கிடைத்தன. நல்ல விகிதம்தான். ஆனாலும் நூற்றுக்கு மூன்று நூல்கள் பட்டியலில் மட்டும்தான் இருந்தன. 'கடைசிப் பிரதி உங்களிடம்தான்' என்று முடிவானது அந்த மூன்றில் ஒன்றாக இருந்துவிட்டால்? அதனால் பொறுப்பை ஏற்கும் முன் நூலைக் கையில் எடுத்துப் பார்ப்பது அவசியம். பக்கங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். இதழ்த் தொகுதிகளில் நடுவில் ஒரு மாதம் இல்லாமல் போவது மிகச் சாதாரணம்.

ஒரு நூலுக்கு எத்தனை பிரதிகள் காப்பாற்றப்பட வேண்டும்?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. பிரிட்டனில் 2007இல் தொடங்கிய ஆய்வு நூலகங்களின் கூட்டுத் திட்டம் அறிவியல் இதழ்களுக்கு மூன்று பிரதிகள் என்று வைத்தது. ஒன்று பிரிட்டிஷ் நூலகத்தில், மற்ற இரண்டு உறுப்பு நூலகங்களில். இந்த மூன்றும் உறுதியான பிறகே மற்ற நூலகங்கள் தம் பிரதிகளைக் கழிக்கலாம். ஹாத்திட்ரஸ்ட் என்ற அமெரிக்க நூலகக் கூட்டமைப்பில், டிஜிட்டல் வடிவில் இருக்கும் நூல்களின் அச்சுப் பிரதிகளை 25 ஆண்டுகள் வைத்திருப்போம் என்று உறுப்பு நூலகங்கள் எழுதிக் கொடுத்திருக்கின்றன.

எண்ணைவிட முக்கியமான சில விஷயங்கள் உண்டு. மூன்று பிரதிகளும் ஒரே ஊரில் இருந்தால் மூன்று என்று எண்ணுவதில் பொருளில்லை. வாசகருக்கு நாள்தோறும் கொடுக்கும் பிரதியைக் காப்புப் பிரதியாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால் மூன்று போதாது, ஐந்தோ ஆறோ தேவைப்படலாம். அப்புறம், ஒரு நூலின் எல்லாப் பிரதிகளும் ஒன்றல்ல. கையால் அச்சுக் கோத்த காலத்து நூல்களில் அச்சிடும்போதே பிழை திருத்துவார்கள், அதனால் பிரதிக்குப் பிரதி சொற்களே மாறியிருக்கும். ஓரத்தில் ஒரு அறிஞர் எழுதிய குறிப்பு, பழைய உரிமையாளர் முத்திரை, அந்தக் காலத்துப் பைண்டிங் ஆகியவை அந்த ஒரு பிரதிக்கு மட்டுமே உரியவை. இப்படிப்பட்டவற்றை 'மிகைப் பிரதி' என்று பெயரிட்டுக் கழிப்பது தவறு. பழைய நூல்களுக்கும் அறிவியல் இதழ்களுக்கும் ஒரே விதியைப் போடாதீர்கள்.

ஸ்கேன் செய்துவிட்டோம். மூலத்தை அகற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். 20ஆம் நூற்றாண்டில் பல பெரிய நூலகங்கள் செய்தித்தாள்களை மைக்ரோஃபிலிம் எடுத்த கையோடு மூலத் தொகுதிகளை வெட்டி, விற்று, எறிந்தன. பிறகு பார்த்தால் பல படச்சுருள்களில் பக்கங்கள் விடுபட்டிருந்தன, எழுத்து மங்கியிருந்தது. வண்ண ஓவியங்களும் வண்ணக் கேலிச்சித்திரங்களும் கறுப்பு வெள்ளையாகிவிட்டன. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த சுருள்களோ வினிகர் வாடையோடு சுருங்கத் தொடங்கின. அதற்குள் மூலம் போய்விட்டது. 1990களின் இறுதியில் இதை எதிர்த்துப் பெரிய விவாதமே நடந்தது, எஞ்சிய தொகுதிகளை விலைக்கு வாங்கிக் காப்பாற்றியவர்களும் உண்டு.

ஸ்கேன் செய்வது மிக நல்லது. வாசகர் கை படுவது குறைவதாலேயே மூலத்தின் ஆயுள் கூடுகிறது. ஆனால் அகற்றும் முடிவைத் தனி நூலகம் எடுக்கக் கூடாது. ஸ்கேனை ஒருவர் பக்கம் பக்கமாகச் சரிபார்க்க வேண்டும். வேறு இரண்டு இடங்களில் நல்ல நிலையில் மூலம் இருப்பதும், அந்த இடங்கள் அதை வைத்திருப்பதாக எழுதிக் கொடுத்திருப்பதும் உறுதியாக வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மூலம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

ஆவணக்காப்பகத்தில் இருப்பது எல்லாமே ஒற்றைப் பிரதி. எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நியாயமான கேள்வி. ஒரு கடிதக் கட்டையோ நிலப் பதிவேட்டையோ 'நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் கழித்துவிடுகிறோம்' என்று பங்கிட முடியாது. எந்த அலுவலகத்திலிருந்து வந்தது, எந்த வரிசையில் வந்தது என்பதும் ஆவணத்தின் பொருளில் சேர்ந்தது. அதைப் பிரித்து நாலு இடங்களுக்கு அனுப்பினால் ஆவணம் பாதி ஊமையாகிவிடும்.

ஆனால் ஆபத்தைப் பங்கிடலாம். 2009 மார்ச் 3ஆம் தேதி, ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக்காப்பகம், அருகே நடந்த சுரங்க ரயில் கட்டுமானத்தால் சில நிமிடங்களில் இடிந்து விழுந்தது. பக்கத்து வீடுகளில் இருந்த இருவர் இறந்தார்கள். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீள அலமாரிகளில் இருந்த, ஆயிரம் ஆண்டு பழமையானவையும் அடங்கிய ஆவணங்கள் இடிபாட்டிலும் நிலத்தடி நீரிலும் புதைந்தன. பெரும்பகுதியைப் பிறகு தோண்டி எடுத்தார்கள், துண்டு துண்டாக, சேறாக. அவற்றைக் காயவைக்கவும் வைத்துக்கொள்ளவும் வேறு பல காப்பகங்கள் இடம் கொடுத்தன. ஈரமானவற்றை உறைய வைத்தார்கள். துண்டுகளைப் பொருத்தும் வேலை இன்னும் பல ஆண்டுகள் நீளும்.

அந்தச் சோகத்தில் ஓர் ஆறுதல், கொலோன் ஆவணங்களில் ஒரு பகுதிக்கு மைக்ரோஃபிலிம் பிரதி வேறிடத்தில் இருந்தது. ஜெர்மனி தன் முக்கிய ஆவணங்களின் படச்சுருள்களை 1975 முதல் ஓபர்ரீட் அருகே ஒரு பழைய சுரங்கத்தில் வைத்துவருகிறது. போர்க்காலத்தில் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் 1954 ஹேக் உடன்படிக்கையின் கீழ் சிறப்புப் பாதுகாப்பு பெற்ற இடம் அது. ஊரின் காப்பகத்துக்கு ஊருக்கு வெளியே ஒரு பிரதி என்பதுதான் காப்பகங்களுக்கான கூட்டுத் திட்டத்தில் முதல் வரியாக இருக்க வேண்டும். பொதுச் சீரமைப்புக் கூடம், பொதுப் பயிற்சி, அவசர உதவி ஆகியவை அதற்குப் பிறகு வரட்டும்.

பொதுக் கிடங்கு ஒன்று கட்டினால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

நிறையத் தீரும். குளிர்ச்சியான, ஈரப்பதம் கட்டுக்குள் இருக்கும் கட்டடம் தாளுக்கு எந்த மருந்தையும்விட நல்லது. வெப்பநிலையை 5 டிகிரி செல்சியஸ் குறைத்தால் தாளின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று பாதுகாப்புத் துறையில் ஒரு கணக்கு உண்டு. ஒரு நூலகம் தன் பழைய கட்டடத்தில் இதைச் செய்ய முடியாது. பல நூலகங்கள் சேர்ந்தால் ஒரு கிடங்கிலாவது செய்யலாம். சிகாகோவில் 1949இல் பத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஏற்படுத்திய கூட்டு நூலக மையம் இந்த வகையில் முன்னோடி. பின்லாந்தில் 1989 முதல் குவோபியோ நகரில் தேசியக் களஞ்சிய நூலகம் இயங்குகிறது, நாட்டின் மற்ற நூலகங்கள் தங்களுக்கு இடமில்லாதவற்றை அங்கே அனுப்பலாம். கொலம்பியா, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் நியூயார்க் பொது நூலகமும் ஒரே கிடங்கைப் பகிர்ந்துகொள்கின்றன.

சண்டை வருவது உரிமையில். அனுப்பிய நூல் இனி யாருடையது? ஒரு நூல் இரண்டு நூலகங்களிலிருந்து வந்தால் எதை வைப்பது? பின்லாந்தில் அனுப்பியது களஞ்சியத்தின் உடைமையாகிவிடும், அதனால் குழப்பம் குறைவு. வேறு பல இடங்களில் நூல் அனுப்பியவருடையதாகவே இருக்கும். அதில் உறுப்பினர்களுக்கு மனநிம்மதி அதிகம், இடம் மிச்சமாவது குறைவு. எது சரி என்பதைவிட, முதல் லாரி கிளம்பும் முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். இன்னொன்று: எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தால் ஆபத்தும் ஒரே கூரைக்குக் கீழ் வந்துவிடுகிறது.

வெள்ளமோ தீயோ வந்தால் கூட்டமைப்பு உண்மையில் என்ன செய்ய முடியும்?

நேரத்தை மிச்சப்படுத்த முடியும். மற்ற எல்லாமே அதிலிருந்து வருகிறது. நனைந்த தாளில் 48 முதல் 72 மணி நேரத்தில் பூஞ்சை தலைகாட்டும். அதற்குள் நூல்களைக் காயவைக்க வேண்டும், அல்லது உறைய வைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் நனைந்தால் காயவைப்பது நடக்காது, உறைய வைப்பது ஒன்றே வழி. உறைந்துவிட்டால் பூஞ்சை வளராது, மை மேலும் பரவாது. எப்படிச் சரிசெய்வது, யாரிடம் பணம் கேட்பது என்று யோசிக்க மாதக்கணக்கில் அவகாசம் கிடைக்கும். பிறகு வெற்றிட அறையில் பனிக்கட்டியை நேரடியாக ஆவியாக்கிக் காயவைப்பார்கள்.

1966 நவம்பர் 4இல் ஆர்னோ ஆறு பெருகி ஃபிளாரன்ஸ் நகருக்குள் வந்தபோது இந்த முறை வழக்கத்தில் இல்லை. தேசிய மத்திய நூலகத்தில் மட்டும் 10 லட்சம் அளவிலான நூல்களும் இதழ்களும் சேறும் எண்ணெயும் கலந்த நீரில் மூழ்கின. பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் வந்து கையிலிருந்து கைக்கு மாற்றி நூல்களை மேலே கொண்டுவந்தார்கள். புகையிலை உலர்த்தும் சூளைகளில்கூட நூல்களைக் காயவைத்தார்கள். அந்த உழைப்பைப் படிக்கும்போது இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது. உலகெங்கும் நூல் பாதுகாப்பு ஒரு தொழில்துறையாக வளர்ந்தது பெரிதும் அதற்குப் பிறகுதான்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1986 ஏப்ரல் 29இல், லாஸ் ஏஞ்சலிஸ் மத்திய நூலகம் எரிந்தது. சுமார் 4 லட்சம் நூல்கள் அழிந்தன. ஆனால் தண்ணீரில் நனைந்த லட்சக்கணக்கான நூல்களைத் தொண்டர்கள் பெட்டிகளில் அடைத்து உணவுப்பொருள் உறைகிடங்குகளுக்கு அனுப்பினார்கள். அவற்றைப் பின்னர் பொறுமையாகக் காயவைக்க முடிந்தது. 2004இல் வைமர் நகரின் அன்னா அமாலியா நூலகம் எரிந்தபோதும் நனைந்த நூல்கள் உடனே லைப்ஸிக்கில் இருந்த நூல் பாதுகாப்பு மையத்துக்குப் போயின. அதற்குப் பிறகு வைமர் உட்படப் பல ஜெர்மன் நகரங்களில் நூலகங்களும் காப்பகங்களும் அருங்காட்சியகங்களும் சேர்ந்து அவசரகாலக் கூட்டமைப்புகளை ஏற்படுத்திக்கொண்டன. பொதுவாக வாங்கிய பெட்டிகளும் கையுறைகளும் உறிஞ்சும் தாள்களும் தயாராக இருக்கும், ஒருவருக்கு ஆபத்து என்றால் மற்றவர்களின் ஊழியர்கள் வருவார்கள், தீயணைப்புத் துறையோடு சேர்ந்து ஒத்திகையும் நடக்கும்.

உங்கள் கூட்டமைப்பு இதில் ஒன்றை மட்டும் இந்த ஆண்டு செய்ய முடியும் என்றால், அருகிலுள்ள உறைகிடங்கோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போடுங்கள். ஈர நூல்களை ஏற்கத் தயாரா, நள்ளிரவில் யார் கதவைத் திறப்பார், எத்தனை பெட்டி கொள்ளும் என்று கேட்டு வையுங்கள். நனைந்த நூல்களோடு வாசலில் நின்றுகொண்டு கேட்கும் கேள்விகள் அல்ல இவை.

பக்கத்து ஊர் நிறுவனங்களோடு சேர்வதா, தொலைவில் இருப்பவர்களோடா?

இரண்டும் வேண்டும். பக்கத்தில் இருப்பவர் ஒரு மணி நேரத்தில் வந்து கை கொடுப்பார். ஆனால் 2005இல் கத்ரீனா சூறாவளி வந்தபோது அமெரிக்காவின் வளைகுடாக் கரையில் பக்கத்து நிறுவனங்களும் அதே நீரில்தான் இருந்தன. ஒரே ஆறு, ஒரே மின்வலை, ஒரே நிலநடுக்கப் பகுதி என்று ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளாத ஒரு கூட்டாளியாவது இருக்கட்டும். அவரிடம் உங்கள் பட்டியலின் பிரதியும் அவசரத் திட்டத்தின் பிரதியும் இருக்கட்டும்.

டிஜிட்டல் கோப்புகளுக்கும் கூட்டு தேவையா? ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்தால் போதாதா?

கோப்புகளுக்குத்தான் கூட்டு இன்னும் அவசரம். தாளைப் பெட்டியில் வைத்துப் பூட்டி முப்பது ஆண்டு மறந்துவிட்டாலும் எடுத்துப் படிக்க வாய்ப்பு உண்டு. ஹார்ட் டிஸ்கை அப்படி மறந்தால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. சத்தமில்லாமல் ஒரு பிட் (கோப்பின் மிகச் சிறிய துணுக்கு) மாறிவிட்டால்கூட யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி கணக்கிட்டு ஒப்பிட வேண்டும்.

1999இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய லாக்ஸ் என்ற முறை இந்த யோசனையைக் கூட்டாகச் செய்கிறது. பல நூலகங்களில் உள்ள கணினிகள் ஒரே கோப்பின் நகல்களை வைத்திருக்கும், அவ்வப்போது ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொள்ளும். ஒருவரிடம் உள்ளது பழுதாகியிருந்தால் மற்றவர்களிடமிருந்து சரியானதைப் பெற்றுத் திருத்திக்கொள்ளும். இதில் எனக்குப் பிடித்தது, எந்த ஒரு நிர்வாகியின் தவறும் எல்லா நகல்களையும் தொட முடியாது என்பது.

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. அதன் இணையப் பட்டியல்கூட 2024 ஜனவரியில்தான் ஓரளவுக்குத் திரும்பியது. டிஜிட்டல் சேகரிப்பின் பாதுகாப்பான நகல்கள் அவர்களிடம் இருந்தன. ஆனால் சர்வர்கள் அழிந்துவிட்டதால் அவற்றைத் திரும்ப ஏற்றி இயக்கத் தகுந்த அமைப்பு இல்லை என்று அந்த நூலகமே தன் அறிக்கையில் வெளிப்படையாக எழுதியது. மற்ற எல்லோருக்கும் பயன்படட்டும் என்று அதை வெளியிட்டார்கள், பாராட்ட வேண்டிய செயல். கூட்டமைப்பில் 'நகல் யாரிடம்' என்று கேட்பதோடு நிற்காமல், 'எங்கள் சர்வர் போய்விட்டால் யாருடைய சர்வரில் தற்காலிகமாக ஓடும்' என்றும் கேட்டுவையுங்கள்.

ஒலிநாடா, வீடியோ கேசட்டுகள்?

இவை முதலில் வர வேண்டும். நாடா கெடுவதோடு அதை ஓட்டும் கருவிகளும் உதிரிபாகங்களும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் மறைந்துகொண்டிருக்கிறார்கள். 2019இல் யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணக்காப்பகச் சங்கமும் விடுத்த எச்சரிக்கையில் 2025 என்பதையே எல்லைக்கோடாகச் சொன்னார்கள். அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டோம். ஓடும் நிலையில் உள்ள எல்லாக் கருவிகளையும் ஒரே கூடத்துக்குக் கொண்டுவந்து, நாடாக்களை வரிசை போட்டு மாற்றுவதுதான் இனி நடக்கக்கூடியது.

சிறிய நூலகங்களைப் பெரியவை விழுங்கிவிடாதா?

அந்த பயம் பொய்யல்ல, ஒப்பந்தம் சரியில்லை என்றால் நடக்கும். ஆனால் பெரிய நூலகத்தில் இருப்பது பெரும்பாலும் வேறு பெரிய நூலகங்களிலும் இருக்கும். உள்ளூர்ச் சிற்றிதழ்கள், சங்க ஆண்டறிக்கைகள், திருவிழாத் துண்டறிக்கைகள், பள்ளி மலர்கள் ஆகியவை சிறிய இடங்களில் மட்டுமே இருக்கும். கூட்டமைப்பின் சேகரிப்பில் ஈடுசெய்யவே முடியாத பகுதி அவர்களிடம்தான். எனவே கட்டணத்தை வரவுசெலவின் அளவுக்கேற்பப் பிரியுங்கள், வாக்கை மட்டும் சமமாகக் கொடுங்கள். பணம் தர முடியாதவர் ஊழியர் நேரத்தையோ இடத்தையோ தரட்டும்.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

'ஒத்துழைப்போம்', 'உதவிக்கொள்வோம்' போன்ற சொற்கள் அழகாக இருக்கும், அவற்றை வைத்து யாரையும் எதையும் கேட்க முடியாது. எந்த நூல், எந்தத் தொகுதிகள், எந்த நிறுவனம், எந்த ஆண்டு வரை என்று பெயர் பெயராகப் பின்னிணைப்பு வேண்டும். நூலின் பதிவிலேயே 'இது காப்புப் பிரதி' என்று குறிக்க வேண்டும். இல்லையென்றால் பத்து ஆண்டு கழித்து வரும் புதிய நூலகர் தெரியாமல் கழித்துவிடுவார். தனிநபரைவிடப் பதவியைப் பொறுப்பாக்குங்கள், ஆனால் அந்தப் பதவியில் இப்போது இருப்பவரின் பெயரும் எண்ணும் தனித் தாளில் இருக்கட்டும்.

பலரும் எழுதத் தயங்குவது விலகலைப் பற்றி. கல்யாணப் பேச்சில் விவாகரத்தைப் பற்றிப் பேசுவது போல் அபசகுனமாகத் தோன்றும். ஆனாலும் எழுதியே ஆக வேண்டும். ஒரு உறுப்பினர் விலகினால் எவ்வளவு காலம் முன்பே சொல்ல வேண்டும்? அவரிடம் உள்ள காப்புப் பிரதிகள் யாருக்குப் போகும்? நிறுவனமே மூடப்பட்டால்? பணம் நின்றுபோனால்? நனைந்த நூல்களை மீட்க வந்த பக்கத்து ஊழியருக்குக் காயம் பட்டால் காப்பீடு யாருடையது? காப்புரிமை உள்ள நூலை ஸ்கேன் செய்தால் யார் யார் பார்க்கலாம்? இவற்றுக்கு வழக்கறிஞர் ஒருவரின் உதவியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை திட்டத்தைத் திருத்த வேண்டும்?

தொலைபேசி எண்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒத்திகையை ஆண்டுக்கு ஒருமுறை. வைத்துக்கொள்ளும் பட்டியலை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. அவசரத் திட்டம் ஐம்பது பக்கம் இருந்தால் அதன் சாரத்தை ஒரே தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைக்கும்படி செய்யுங்கள். அமெரிக்க மாநில ஆவணக்காப்பாளர்கள் இப்படி ஒரு மடிப்புத் தாளை உருவாக்கிப் பரப்பியிருக்கிறார்கள். ஒரு பக்கம் யாரை அழைப்பது, மறுபக்கம் முதல் சில மணி நேரத்தில் என்ன செய்வது.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. எதை விடுவது என்று யார் முடிவு செய்வது?

இந்தக் கேள்விக்கு வராமல் முடியும் கூட்டங்கள்தான் அதிகம். வராமல் விட்டாலும் முடிவு நடந்துகொண்டுதான் இருக்கிறது, கூரை ஒழுகும் அறையில் எது இருக்கிறதோ அது போகிறது.

நூலகர்களும் காப்பாளர்களும் மட்டும் உட்கார்ந்து இதை முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தத் துறையில் ஆய்வு செய்பவர்கள், அந்த ஆவணங்கள் யாரைப் பற்றியவையோ அந்தச் சமூகத்தினர், நாளைக்கு என்ன கேட்பார்கள் என்று ஓரளவு யோசிக்கக்கூடிய இளைஞர்கள் இருக்க வேண்டும். இன்று யாரும் கேட்கவில்லை என்பதைக் கழிப்பதற்குக் காரணமாக எடுக்காதீர்கள். பழைய கணக்கேடுகளையும் மழை அளவுக் குறிப்புகளையும் ஒரு காலத்தில் யாரும் சீந்தவில்லை, இன்று பருவநிலை ஆய்வாளர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள்.

எதைக் காப்பாற்றப்போவதில்லை என்று முடிவானாலும் அதையும் பெயர் போட்டு, காரணம் போட்டு, எல்லா உறுப்பினர்களும் பார்க்கும் இடத்தில் வெளியிடுங்கள். கழிப்பதற்கு முன் ஆறு மாத அவகாசம் கொடுங்கள். பட்டியலைப் பார்த்துவிட்டு 'நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்' என்று எங்காவது ஒரு சிறிய காப்பகம் எழுதினால், அனுப்பும் செலவைக் கூட்டமைப்பு ஏற்கட்டும்.